தாத்பர்யம், மீள்வரவு, குறியீடு

அரக்கோணத்தை அடுத்த சோளிங்கர் எனும் திருக்கடிகையில் பெரிய மலையிலே யோக நரஸிம்மரை ஸேவித்து இறங்குவோர், சிறிய மலையில் நான்கு திருக்கரங்களோடு எழுந்தருளியிருக்கும் யோக ஆஞ்சநேயரையும் ஸேவிக்கின்றனர். அத்திருக்கரங்களில் சங்கும் சக்கரமும் விளங்குகின்றன. எம்பெருமானுக்குரிய திவ்யாயுதங்கள் அடியவன் கையில் காணப்படும்போது, அவனிடமுள்ள ஆற்றல் ஸ்வாமியினுடையதே என்பதை உணர்த்துகின்றன. கண்ணுக்குப் புலனாகும் ஒன்று தன்னைக் கடந்த வேறொன்றை உணர்த்துமாயின், அது குறியீடு.

சிறிய திருவடியாகிய இவரே இராமாயணத்தில் தூதரும் ஆவார். தூது, ஆழ்வார் பாசுரங்களிலும் வருவது. திருவாய்மொழியில் தூதுவிடும் பதிகங்கள் நான்கு (1-4, 6-1, 6-8, 9-7). ஒரு நூலில் இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சியை மீள்வரவு எனலாம். அங்குத் தூது செல்லும் பறவையோ குறியீடு: பறவையை ஆசார்யனாகவும், இரு சிறகுகளை ஞானமும் அனுஷ்டானமுமாகவும் பூர்வாசார்யர்கள் ஸ்வாபதேசம் அருளினர்.

தாத்பர்யம் இவ்விரண்டினும் வேறு. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில், இந்நான்கு தூதுகளும் முறையே க்ஷமை, தீக்ஷை, ஸாரஸ்யம், ஸௌந்தர்யம் என்னும் குணங்களை உணர்த்துவதாகக் காட்டினார். செயல் ஒன்று; உணர்த்தப்படும் குணங்களோ நான்கு. ஆகவே, மீள்வரவைக் கண்டவுடன் தாத்பர்யத்தைக் கண்டுவிட்டதாகக் கொள்ளலாகாது. மீமாம்ஸகரும் தாத்பர்யத்தை நிர்ணயிக்கும் ஆறு லிங்கங்களுள் அப்யாஸத்தை ஒன்றாக வைத்தனரேயன்றி, அதனையே தாத்பர்யம் என்றிலர்.

இவ்வேறுபாட்டை மறந்தால் விளையும் தீங்கைத் தொலைக்காட்சியில் காணலாம். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ராமானந்த் ஸாகரின் ராமாயணத்தில், இளைய பெருமாள் பர்ணசாலைக்கு முன் கோடு கிழிக்கும் காட்சி உண்டு. வால்மீகியின் ஆரண்ய காண்டத்தில் அக்கோடு இல்லை. கம்பரோ, இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்ததாகப் பாடினார். காட்சிக்கலைக்குக் கண்ணுக்குத் தெரியும் பொருள் தேவை. அதனால் காவல் என்னும் கருத்து அங்கே கோடாக வடிவெடுத்தது. அது பிழையன்று. அக்கோட்டையே காதையின் தாத்பர்யமாகக் கொள்வதே பிழை. "கோட்டைத் தாண்டியதால் வந்த கேடு" என்று கதை சுருங்குமாயின், பழி பிராட்டியின்மேல் விழுகிறது.

நம் ஸம்ப்ரதாயம் காட்டுவது இதற்கு நேர்மாறானது. இராமாயணம் சிறையிருந்தவளின் ஏற்றத்தைச் சொல்லவந்தது என்பது பிள்ளை லோகாசார்யரின் ஸ்ரீவசனபூஷணம் காட்டும் நெறி. பிராட்டியின் மூன்று பிரிவுகளும் அவளுடைய க்ருபை, பாரதந்த்ர்யம், அனந்யார்ஹத்வம் ஆகியவற்றை வெளியிடுவதற்காக நேர்ந்தவை என்று அங்கே அருளிச்செய்யப்பட்டுள்ளது. இவற்றுள் பிரிவு மீள்வரவு. அவளது புருஷகார வைபவமே தாத்பர்யம். கோடு இல்லாத வால்மீகியிலும் கம்பரிலும் அத்தாத்பர்யம் குறைவின்றி நிற்கிறது. எடுத்துவிட்டாலும் எதனால் காதைக்குக் குறைவில்லையோ, அது காதையின் தாத்பர்யம் ஆகாது.

ஆகவே பாசுரம் ஓதும்போதும், இல்லத்துச் சிறுவரோடு தொடர் காணும்போதும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது நன்று. எது வேறொன்றை உணர்த்துகிறது? எது திரும்ப வருகிறது? இவையெல்லாம் எதன்பொருட்டுச் சொல்லப்பட்டன? மூன்றாவது வினாவுக்கு முதலிரண்டின் விடையைத் தந்து அமையாதவரே, பிராட்டியைக் குற்றவாளியாக்காமல் கதையைக் கேட்டவராவர்.