மூளையில் ஓட்டைகள்: நோயா, கைப்பிழையா?

இங்கிலாந்தின் தென் பகுதியில், சசெக்ஸ் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில், 1984 டிசம்பரில் ஒரு பசு வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளத் தொடங்கியது. முதுகை வளைத்துக்கொண்டு நின்றது, மெலிந்தது, பின்னர் தலை நடுக்கமும் தள்ளாட்டமும் கண்டன. 1985 பிப்ரவரியில் இறந்துபோயிற்று. அதே பண்ணையில் வேறு மாடுகளும் நோயுற்றன. அவற்றுள் ஒன்றின் மூளை, அவ்வாண்டு செப்டம்பரில், வேபிரிட்ஜ் என்னும் ஊரிலிருந்த மத்திய கால்நடை ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்டது. மூளைத் திசுவில், பஞ்சில் இருப்பவை போன்ற சின்னஞ்சிறு ஓட்டைகள் தெரிந்தன! 1986 நவம்பரில், வேறிடத்து மாடுகளின் மூளையிலும் அதே ஓட்டைகள் காணப்பட்டன.

ஆடுகளுக்கு ‘ஸ்கிரேப்பி’ என்றொரு நோய் உண்டு. அதில் மூளை இப்படித்தான் ஓட்டை விழும். ஐரோப்பாவில் 250 ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட நோய் அது. ஆனால் மாடுகளில் இப்படி ஒரு தொற்று பரவிக் கண்டதில்லை. புதிய நோய் என்று அறிவிப்பது சிறிய காரியமா? ஒரு நாட்டின் பால், இறைச்சி வாணிபமே அதில் அடங்கியிருக்கிறது. எனவே முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். அந்த ஓட்டைகள் மாடு உயிரோடிருந்தபோதே இருந்தவையா? அல்லது அது இறந்த பின் நாமே உண்டாக்கியவையா?

இது வீண் சந்தேகம் அன்று. மூளையைப் போல மென்மையான உறுப்பு வேறில்லை. இறந்த விலங்கின் தலையை வெயிலில் விட்டுவைத்தால் திசு தானே சிதைந்து குழி விழும். கெடாமல் இருக்கட்டும் என்று உறைய வைத்தாலோ, உள்ளே தோன்றும் பனிப்படிகங்கள் திசுவைக் குத்திப் பிளக்கும். பனி உருகிய பின் அந்த இடமெல்லாம் ஓட்டைதான். ஆல்கஹாலில் அளவுக்கு மேல் ஊறவிட்டாலும் மூளையின் வெண்பகுதியில் வெற்றிடங்கள் உண்டாகும். இவற்றுக்கெல்லாம் இடங்கொடாமல் திசுவைப் பக்குவப்படுத்தித் தருபவர்தான் திசுவியல் தொழில்நுட்பர். நுண்ணோக்கியில் பார்த்து நோயின் பெயரைச் சொல்பவர் நோய்க்குறியியல் வல்லுநர். அவர் பார்ப்பதற்கு ஒரு பொருளை உண்டாக்கித் தருபவர் இவரே. புத்தகங்களில் முதலாமவரின் பெயரைத்தான் காண்கிறோம்!

இவர் வேலை எப்படி நடக்கிறது? மூளை வந்தவுடன் பத்து சதவீத ஃபார்மலின் கரைசலில் இடப்படுகிறது. திசுவின் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்காவது கரைசல் வேண்டும். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, திசுவை இருந்த நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் அது மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும். மாட்டின் முழு மூளை நன்கு பதப்பட இரண்டு வாரம் பிடிக்கும். அவசரப்பட்டால் வெளிப்புறம் கெட்டியாகி, நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும்.

பதப்பட்ட மூளையிலிருந்து சில மில்லிமீட்டர் கனத்தில் துண்டுகள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதைப் பென்சிலால் எழுதுகிறார்கள்; பேனா கூடாது. காரணம் எளிது. அடுத்து வரும் ஆல்கஹாலும் சைலீனும் மையைக் கரைத்துவிடும். பென்சிலின் கரியை ஒன்றும் செய்ய மாட்டா. எண் அழிந்த துண்டு எந்த மாட்டினுடையது என்று எவர் சொல்ல முடியும்?

ஆல்கஹால் திசுவிலுள்ள நீரை வெளியேற்றும். சைலீன் அந்த ஆல்கஹாலை வெளியேற்றும். பிறகு, ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய பாரஃபின் மெழுகு அதன் இடத்தில் புகும். ஆறியதும் மூளைத்துண்டு ஒரு மெழுகுக் கட்டியாகிவிடுகிறது. இனி அதைச் சீவலாம்.

சீவும் கருவிக்கு மைக்ரோட்டோம் என்று பெயர். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கட்டி ஒரு தடவை கத்தியில் உரசி இறங்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு அல்லது ஐந்து பங்கு கனத்தில் ஒரு சீவல் வரும். நம் தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! கத்தியில் பல் விழுந்திருந்தால் சீவலில் கீறல் விழும். அறை சூடாக இருந்தால் மெழுகு இளகிச் சீவல் சுருங்கும். அதனால் கட்டியைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் குளிரச் செய்வதும் உண்டு. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாபோல் நீளும். அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால், பாலின்மேல் ஆடை படர்வதுபோல் சுருக்கம் நீங்கி விரியும். கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நீரில் அமிழ்த்தி அதை ஏந்தி எடுக்க வேண்டும். இதைப் பழக மாதக்கணக்கில் ஆகும். முன்னே சீவிய வேறொரு மாட்டின் துணுக்கு நீரில் மிதந்துகொண்டிருந்து இந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டால்? நோயற்ற மாட்டுக்கு நோய் என்று தீர்ப்பாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டிக்கும் பின் நீரின் மேற்பரப்பைத் தாளால் துடைத்தெடுக்கிறார்கள்.

சீவலுக்கு நிறமில்லை, கண்ணாடியில் ஒட்டியிருப்பதே தெரியாது. ஆகவே இரண்டு சாயங்கள். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மரத்தின் வைரத்திலிருந்து கிடைக்கும் ஹெமட்டாக்சிலின், படிகாரத்தோடு சேர்ந்து செல்களின் உட்கருவை நீலமாக்கும். இயோசின் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். அந்தச் சிவப்பின் நடுவே வெள்ளையாய், வட்டமாய்த் தெரிபவையே நாம் தேடும் ஓட்டைகள்.

இங்கும் ஓர் இடர் உண்டு. நோயற்ற மாட்டின் மூளையிலும் ‘செங்கரு’ எனப்படும் பகுதியின் நரம்புச் செல்களில் குழிகள் இருக்கலாம். ஆகவே, ஓட்டை எங்கே இருக்கிறது என்பது மிக முக்கியம். இந்நோயில் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில், குறிப்பிட்ட சில நரம்புத் தொகுதிகளில், இடமும் வலமும் ஒத்தாற்போல் ஓட்டைகள் அமையும். முகுளத்தைக் கோணலாக வெட்டினால் இரு பக்கத்தையும் ஒப்பிட முடியாது. சரியான இடத்தில் நேர்க்குறுக்காக வெட்டிய ஒரே ஒரு சீவலைக் கொண்டே ஏறத்தாழ எல்லா நோயாளி மாடுகளையும் கண்டுபிடித்துவிடலாம் என்று 1989இல் வேபிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இது பெரிய உதவி. ஏனெனில் 1992ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் நோய் உறுதியான மாடுகள் 36 ஆயிரத்துக்கும் அதிகம். ஒவ்வொரு மூளையிலும் பல இடங்களில் சீவிக்கொண்டிருந்தால் எத்தனை கைகள் போதும்?

மாடுகளுக்குப் புரதத் தீவனமாக இடப்பட்ட இறைச்சி-எலும்புத் தூளே நோயைப் பரப்பியது என்று தெரிந்து, 1988 ஜூலையில் அதற்குத் தடை வந்தது. எனினும் அதற்குள் நோய் வெகுதூரம் பரவிவிட்டது. மொத்தம் 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகள் நோயுற்றன. இந்நோய் மனிதருக்கும் தாவியிருக்கலாம் என்பது 1996 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் 170க்கும் மேற்பட்டோர் அவ்வாறு மாண்டனர்.

அப்படியானால், நாள்தோறும் இந்த மூளைகளைச் சீவியவர்களின் நிலை? நோய்க்குக் காரணம் ‘பிரியான்’ எனும் உருத்திரிந்த புரதம். பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும் ஃபார்மலினால் இதை அழிக்க முடிவதில்லை. மெழுகுக்குள் இருந்தாலும் தொற்றும் ஆற்றல் நீங்காது. ஆகவே, ஃபார்மலினில் பதப்பட்ட துண்டை அடர் ஃபார்மிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தொற்றைப் பெருமளவு குறைத்த பிறகே மெழுகில் பதிக்கும் முறை வந்தது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலந்தான்!

இன்று பிரியானோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சீவலின் மேல் இட்டு, பிரியான் உள்ள இடத்தைப் பழுப்பு நிறமாகக் காட்டும் முறையும், சில மணி நேரத்தில் விடை தரும் வேதிச் சோதனைகளும் உள்ளன. ஆனால் பழுப்பு நிறத்துக்கும் மெழுகுக்கட்டி வேண்டும். அதைச் சீவக் கைகளும் வேண்டும்.

1985 செப்டம்பரில் பார்த்த அந்த சசெக்ஸ் மாட்டை மறந்துவிடவில்லை. அப்போது அது தனியொரு நிகழ்ச்சி. வேறெதனுடனும் இணைத்துப் பார்க்க வழியில்லை. ஆனால் அதன் கண்ணாடித் தகடுகள் எண்ணிட்டுப் பாதுகாக்கப்பட்டிருந்தன. புதிய நோய் இன்னதென்று தெளிவான பின், அவற்றை எடுத்து மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். முகுளத்தில் அதே ஓட்டைகள், இரு பக்கமும்.