பயோடீசலைத் தூய்மை செய்தலும் சோதித்தலும்

வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையிலே கௌமாரியம்மன் கோயில் இருப்பதும், ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் அங்குப் பெருவிழா நிகழ்வதும் கம்பம் பள்ளத்தாக்கினர் யாவரும் அறிந்தனவே. தீச்சட்டி ஏந்தி வரும் கூட்டம் ஒருபுறமிருக்க, வழிநெடுகப் பலகாரக் கடைகளில் எண்ணெய்ச் சட்டிகள் ஓயாது காய்ந்துகொண்டிருக்கும். விழா முடிந்தபின் அச்சட்டிகளில் எஞ்சிக் கறுத்துக் கிடக்கும் எண்ணெய் யாதாகின்றது? வாய்க்காலிற் கொட்டினால் நீருக்குக் கேடு. புது எண்ணெயோடு கலந்து மீண்டும் பொரித்தால் உண்பார் உடலுக்குக் கேடு. மூன்றாவது வழியொன்று உளது. அஃதாவது, அதனை எரியெண்ணெயாக்கி டீசல் இயந்திரத்தை ஓட்டுதல். பயோடீசல் எனப்படும் இப்பொருளை ஆக்குதல் அத்துணை அரிதன்று. அதனைக் கழுவித் தூய்மை செய்து, சோதித்து, தக்கதென்று துணிதலே அரிது. அவ்வரிய பகுதியைக் குறித்தே ஈண்டுச் சில கூறத் துணிந்தோம்.

இவ்வெண்ணம் புதியதன்று. ருடால்ப் டீசல் என்பார் தம் இயந்திரத்தை ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் 1893-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி முதன்முதல் இயக்கினார். 1900-ம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அவ்வகை இயந்திரமொன்று கடலை எண்ணெயால் ஓடிற்று. எனினும் தாவர எண்ணெய் டீசலைக் காட்டிலும் ஏறக்குறைய பத்து மடங்கு குழகுழப்புடையது; நாளடைவில் இயந்திரத்துட் கரி படியச் செய்வது. இக்குறையை நீக்கும் முறைக்கு 1937-ல் பெல்ஜியத்தில் ஷவான் என்பார் உரிமைப் பட்டயம் பெற்றார். நம் நாட்டிலோ, பன்முறை காய்ந்து, துருவச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கிற்கு மேற்பட்டுவிட்ட எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவ்வாண்டு ஆகஸ்டு 10-ந் தேதி தொடங்கிற்று.

ஆக்கும் முறையைச் சுருங்கச் சொல்வோம். வடிகட்டி நீர் போக்கிய எண்ணெயோடு மெதனால் என்னும் சாராய வகையையும் சிறிது காஸ்டிக் காரத்தையும் கூட்டி, இளஞ்சூட்டில் கலக்கினால், எண்ணெய் இரண்டாகப் பிரியும். மேலே நிற்பது எஸ்டர், அதுவே பயோடீசல். கீழே படிவது கிளிசரின். எண்ணெயின் எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கிளிசரினாகும். அதனை அடியிலிருந்து வடித்தபின் மேலே நிற்கும் பொன்னிறத் திரவத்தைக் கண்டு, ‘வேலை முடிந்தது’ என மகிழ்வார் பலர். பிழை ஈண்டே தொடங்குகின்றது.

என்னை? அத்திரவத்துள் கண்ணுக்குப் புலனாகாப் பகைகள் ஐந்து ஒளிந்துள. மிஞ்சிய கிளிசரின் வடிகட்டியையும் எண்ணெய் பீச்சும் குழல்களையும் அடைக்கும். சவர்க்காரமும் காரமும் வெந்து சாம்பலாகி உட்புறத்திற் படியும். மெதனால் ரப்பர்க் குழாய்களைக் கெடுப்பதோடு, எளிதில் தீப்பற்றும் தன்மையையும் தரும். நீர் துருவேற்றும், கிருமிகளையும் வளர்க்கும். மாறாது நின்ற எண்ணெயோ கரியாகும். கடன் வாங்கிப் பம்பு எஞ்சின் வைத்துள்ள உழவர் ஒருவர் இதனை நம்பி ஊற்றினால், தண்ணீர் வேண்டிய நாளில் எஞ்சின் நின்றுவிடும்.

கழுவுதல் இப்பகைகளுள் முதல் மூன்றையும் நீக்குவது. வெதுவெதுப்பான நீரை எண்ணெயின்மேல் பனிபோல் மெல்லத் தூவி, அது தானே ஊடுருவிக் கீழிறங்க விடல் வேண்டும். முதற் கழுவலிலேயே விரைந்து குலுக்கினால், சவர்க்காரத்தின் வலியால் நீரும் எண்ணெயும் கடைந்த மோர்போல் ஒன்றாகிவிடும். பின் நாட்கணக்கிற் பிரியா. இரண்டாம், மூன்றாம் முறைகளிற் சற்று வலிந்து கலக்கலாம். வடியும் நீர் தெளிந்து, காரத்தன்மை அற்று வருங்காறும் கழுவுக. நீரருமையுள்ள இடங்களில் மெக்னீசியம் சிலிகேட் என்னும் பொடியாலேனும் அயனிமாற்றுப் பிசினாலேனும் உலர்முறையிற் சுத்தி செய்வதும் உண்டு. கழுவிய நீரில் காரமும் மெதனாலும் கலந்திருத்தலின், அதனை முல்லையாற்று வாய்க்காலில் விடுதல் பெருந்தவறு. எண்ணெயைக் கொட்டாமற் காத்த பயன் அதனால் அழிந்துவிடும்.

கழுவிய எண்ணெய் கலங்கித் தோன்றும். அதனை மிதமாகச் சூடாக்கிக் காற்றுப்படச் சுழற்றினால் தெளியும். ஆயினும் தெளிவு உலர்வுக்குச் சான்றன்று. கண்ணாடிபோல் ஒளிரும் பயோடீசலிலும் ஒரு கிலோவுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் நீர் கரைந்து நிற்கக்கூடும். இந்தியத் தரநிலை 15607 இசைவது 500 மில்லிகிராமே.

இனிச் சோதனைகள். முதலாவது, எண்ணெய் முற்றும் மாறிற்றா என அறிவது. 27 மில்லிலிட்டர் மெதனாலில் 3 மில்லிலிட்டர் பயோடீசலைக் கலந்து வைத்தால், எஸ்டர் கரையும். மாறாத எண்ணெய் துளித்துளியாய் அடியில் நிற்கும். இச்சோதனை 20 பாகை சென்டிகிரேடு அளவிற்கு உரியது. நம் பள்ளத்தாக்கின் கோடையில் செய்தால், வெப்பத்தால் எண்ணெயும் கரைந்து, தோற்றது தேறியதாய்த் தோன்றும். ஆதலின் குளிர்நீரில் வைத்துச் செய்க. இரண்டாவது, குலுக்கற் சோதனை: சம அளவு நீருடன் வலிந்து குலுக்கி வைத்தால், அரைமணிக்குள் இரண்டும் தெளிவாகப் பிரிதல் வேண்டும், இடையே வெண்படலம் நிற்குமாயின் சவர்க்காரமோ அரைகுறையாய் மாறிய எண்ணெயோ உளது. மூன்றாவது, சூடேறிய தட்டில் சில துளி விட்டுக் காண்பது. படபடவென வெடித்தால் நீர் எஞ்சியுளது. நான்காவது, அமில அளவீடு: ஒரு கிராமுக்கு 0.50 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மேல் வேண்டப்படின் அது தகாது.

இவை தேறினும் முழுத்தரம் உறுதியாயிற்றென்று கொள்ளற்க. தனிக் கிளிசரின் நூற்றுக்கு 0.02 பங்கும், மொத்தக் கிளிசரின் 0.25 பங்கும், மெதனால் 0.20 பங்கும் மிகலாகாது என்பது அத்தரநிலை. அவ்வளவு நுண்மையை வாயு நிறவரைவியல் போன்ற ஆய்வுக் கருவிகளே காட்ட வல்லன. வீட்டுச் சோதனை, தீயதைத் தள்ள உதவும். நல்லதென முத்திரையிட உதவாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மெதனால் கொடிய நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் கண்பார்வையைப் போக்கி உயிரையும் கவரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாடறியும். தமிழ்நாட்டில் உரிமமின்றி அதனை வைத்திருத்தலும் குற்றமாம். ஆதலின், மாணவர்கள் இதனை வீட்டு அடுப்பங்கரையில் முயலாது, ஆசிரியர் மேற்பார்வையில், கல்லூரி இரசாயனச் சாலையிலேயே செய்தல் முறை.

பொன்னை நிறங்கண்டு கொள்வாரில்லை. உரைகல்லில் தேய்த்தே கொள்வர். எரியெண்ணெய்க்கும் அதுவே நெறி. நாம் ஆக்கிய பொருளென்னும் அன்பு நம் கண்ணை மறைத்தல் எளிது. தோற்ற கலத்தைத் தோற்றதென்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் மனத்திண்மையே விஞ்ஞானக் கல்வியின் பயனாகும். அத்திண்மையுடையார் கைப்பட்ட எண்ணெயையே பிறருடைய இயந்திரத்தில் அச்சமின்றி ஊற்றலாம்.