பூஜை அறைச் சட்டத்துக்குள் இத்தனை சங்கதி இருக்கிறது, தெரியுமா?

குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் ஒரே ஸ்டேஷன், பல்லாவரம். வெள்ளிக்கிழமை காலையில் இறங்கிப் பாருங்கள்! செடி, புறா, பழைய மிக்ஸி, ஓடாத கடிகாரம் என்று பரந்து கிடக்கும் சந்தைக்கு நடுவே, தேக்குச் சட்டத்துக்குள்ளிருந்து லட்சுமி நம்மையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் காலடி ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். ‘ரவி வர்மா பிரஸ், கார்லா-லோனாவ்லா’ என்று பொடி எழுத்து தெரிகிறதா? ராஜா ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவ்லா பக்கம் போன அச்சகம் அது! ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுக்கல். ஒரே தாள் கல் மாற்றிக் கல்லில் பதிந்து, கடைசியில் வார்னிஷ் பூசிக்கொண்டு, எண்ணெய் ஓவியம் போலவே மினுங்கி வெளியே வரும். பழசா, புது அச்சா என்று சந்தேகமா? பூதக்கண்ணாடியை வையுங்கள். புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி வரிசை கட்டி நின்றால் பிற்கால ஆஃப்செட். கைபோன போக்கில் சிதறிக் கிடந்தால், ஒருவர் கல்லின் மேல் குனிந்து உட்கார்ந்து வைத்த புள்ளிகள் அவை! சில வீடுகளில் படத்து அம்மனுக்கே துணி வெட்டி, ஜரிகையும் சமிக்கியும் வைத்துச் சேலை கட்டிவிட்டார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

ரவி வர்மா கையால் தீட்டிய அசல்களின் கதை வேறு. 1979 முதல் அவை தேசியக் கலைச் செல்வம், நாட்டை விட்டு வெளியே போக முடியாது. யசோதையும் கிருஷ்ணனும் இருக்கும் ஓர் ஓவியம் 2023-ல் மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்குப் போனது!

இதையும் கேளுங்கள். அந்த அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர்தான் 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்த தாதாசாகேப் பால்கே. 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி அவர் ஓர் அனிமேஷன் படமும் எடுத்தார்!

அனிமேஷன் என்றதும் இன்னொன்று. டிஸ்னி காலத்துக் கார்ட்டூன்களில் கண்ணாடி மாதிரியான ஷீட்டின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியமும் பின்பக்கம் தீட்டுவதுதானே! கண்ணும் நகையும் முதலில், பின்னணி கடைசியில். கார்ட்டூன் படம் முடிந்ததும் அந்த ஷீட்டுகளைக் கழுவி மறுபடி பயன்படுத்தியதும் உண்டு. 1955-ல் திறந்த டிஸ்னிலாண்டில் ஓரிரு டாலருக்கு விற்றவை, இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கில் போகின்றன.

பூஜை அறைப் படங்களுக்கே திரும்பினால், என் நெஞ்சுக்கு நெருக்கமானவர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதிய கை அது. சிவகாசி அச்சில் ஏறி, அவருடைய மீனாட்சி கல்யாணம் காலண்டராக எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கியது. 1976-ல் காலமானார். சந்தையில் காலண்டர் படம் கண்ணில் பட்டால், முகத்தைப் பார்க்கும் முன் நான் தேடுவது கீழ் மூலையில் அவர் பெயரைத்தான்.

பேரம் பேசும் முன் சட்டத்தைப் பின்பக்கம் திருப்பிவிடுங்கள். துருப்பிடித்த ஆணி, அட்டைக்குப் பதில் செருகிய பழைய செய்தித்தாள், அதன் மூலையில் ஒரு தேதி!