கடலின் உப்புக்கு இரு சாட்சிகள்



ரமளான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவரைக் கவனித்திருப்பீர்கள். அவரும் நோன்பாளியே. உப்புச் சரியாக இருக்கிறதா என்று அள்ளிக் குடித்துப் பார்க்க அவரால் இயலாது. அரிசியையும் நீரையும் கணக்கிட்டு, பழகிய கைப்பக்குவத்தால் உப்பிடுகிறார். அந்தக் கணக்குச் சரிதானா என்பது, மஃரிபு பாங்கு சொன்ன பின்னர் முதல் மிடறு அருந்துபவருக்கே தெரியும்.

நாவில் வைக்காமலேயே உப்பை அறியும் இந்த வேலையை, உலகக் கடல்கள் அனைத்திற்கும் சேர்த்து, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செய்யும் செயற்கைக்கோள்களை மனிதன் உருவாக்கியிருக்கிறான். அது எதற்காக? எவ்வாறு நடைபெறுகிறது? அந்த அளவை எப்படி நம்புவது? இம்மூன்றையும் காண்போம்.

ஏன் அளக்க வேண்டும்?

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. ஆனால் எல்லாக் கடல்களிலும் இந்த அளவு ஒன்றாக இருப்பதில்லை. வெயில் மிகுந்து மழை அரிதான செங்கடலின் வடபகுதியில் அது 40 கிராமை எட்டுகிறது. வங்காள விரிகுடாவின் வடபகுதியிலோ, மழைக்காலத்திற்குப் பின் 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகிய பெருநதிகளும் பருவமழையும் அங்கே கொட்டும் நன்னீரே இதற்குக் காரணம்.

உப்புக் குறைந்த நீர் எடை குறைந்தது. ஆகவே அது மேலே ஒரு படலமாகப் பரவி நிற்கிறது. இதில்தான் நம் கவனத்திற்குரிய செய்தி இருக்கிறது. புயற்காற்று கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருவது வழக்கம். அந்தக் குளிர்ச்சி புயலின் வலிமையைத் தணிக்கும். நன்னீர்ப் படலம் தடையாக நின்றால் இக்கலப்பு குறைந்துவிடும். மேற்பரப்பு வெதுவெதுப்பாகவே இருக்கும். புயலுக்குத் தீனி தொடர்ந்து கிடைக்கும்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் இந்த நன்னீர், இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி, சுமார் 100 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையாகத் தெற்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் ஓடும் ஆறு என்றே அதனைச் சொல்லலாம். தமிழகக் கரையில் புயல் அச்சம் நிலவும் மாதங்களும் அவையே. எனவே கடலின் உப்பை அறிவது வெறும் ஏட்டறிவன்று; கரையோரக் குடும்பங்களின் உயிரோடு தொடர்புடையது.

எவ்வாறு அளக்கிறார்கள்?

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளை மிக மெல்லியதாக வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. கடலும் அவ்வாறே. உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். அவ்வாறு கடத்தும் நீர் சற்றுக் குறைவாகவே நுண்ணலைகளை வெளியிடும். 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இந்த வேறுபாட்டைக் காண இயலும். வெதுவெதுப்பான கடலில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு மாறினால், வெப்ப அளவில் சொல்வதானால், ஏறத்தாழ அரை டிகிரி வேறுபாடே தென்படும். குளிர்ந்த கடலில் அதுவும் குறைந்துவிடும்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2009 நவம்பரில் 'ஸ்மாஸ்' என்னும் செயற்கைக்கோளை ஏவியது. மூன்று கரங்களில் 69 சிறு அலைவாங்கிகளைக் கொண்டது அது. 2011 ஜூனில் அமெரிக்காவும் அர்ஜென்டினாவும் இணைந்து அனுப்பிய 'அக்வாரியஸ்' கருவி 2015 ஜூன் வரை பணியாற்றியது. 2015 ஜனவரியில் நாசா ஏவிய 'ஸ்மாப்' மண்ணின் ஈரத்தை அளக்க உருவானது. சில மாதங்களிலேயே அதன் ரேடார் பழுதடைந்தது. எஞ்சிய வாங்கியோ கடலின் உப்பையும் அளக்கப் பயன்பட்டது.

எப்படி நம்புவது?

சிந்தித்துப் பாருங்கள்! அரை டிகிரிக்கும் குறைவான அந்த வேறுபாட்டைப் பல குறுக்கீடுகள் மறைத்துவிடக்கூடும். காற்றினால் கடல் கரடுமுரடானால் அலை அளவு மாறும். நீரின் வெப்பம் மாற்றும். விண்மீன் கூட்டங்களிலிருந்து வரும் அலைகளும் கடலில் பட்டுத் திரும்பும். இந்த அலைவரிசையில் எவரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக விதி இருந்தும், அதனை மீறிய ஒலிபரப்புகள் ஸ்மாஸின் அளவீட்டைக் குழப்பின. கரைக்கு அருகே நிலத்தின் அலைகள் கலந்துவிடுவதால் அங்கே கணக்குத் தெளிவாக அமைவதில்லை.

ஆகவே செயற்கைக்கோளின் சொல்லை மட்டும் அறிஞர்கள் ஏற்பதில்லை. கடலைத் தொட்டுப் பார்த்த சாட்சி ஒன்றையும் தேடுகிறார்கள். 'ஆர்கோ' மிதவைகளே அந்தச் சாட்சி. உலகக் கடல்களில் அவை ஏறத்தாழ 4,000 உள்ளன. பத்து நாட்களுக்கு ஒரு முறை, 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து உப்பையும் வெப்பத்தையும் அளந்துகொண்டே மேலே வந்து, செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்குகின்றன.

மிதவை தொட்டு அளக்கிறது; ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர் இடைவெளி உண்டு. செயற்கைக்கோள் இடைவெளியின்றிப் பார்க்கிறது. ஆனால் மேற்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே அதன் பார்வை செல்லும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. இவ்வாறு ஒப்பிட்டுத் திருத்தியே, மாதச் சராசரியில் கிலோவுக்கு 0.2 கிராம் துல்லியம் என்ற இலக்கை அக்வாரியஸ் திட்டம் எட்ட முயன்றது. பத்து லிட்டர் குடத்தில் 2 கிராம் உப்பைக் கண்டறிவதற்கு ஒப்பானது இது.

அன்பிற்குரியவர்களே! பெரும் பொருட்செலவில் விண்ணில் நிறுத்தப்பட்ட கருவியின் சொல்லே, கடலில் மிதக்கும் ஒரு சிறு மிதவையின் சாட்சிக்காகக் காத்திருக்கிறது. நாமோ, புயல் வருகிறது, கரை உடைகிறது என்று கைப்பேசியில் வந்ததை மறுநொடியே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அதை நம்பி ஒரு மீனவர் ஒரு நாள் பிழைப்பை இழக்கலாம். பொய்ச் செய்திகளால் சலித்துப்போன மற்றொருவர், மெய்யான எச்சரிக்கையையும் அலட்சியம் செய்து கடலுக்குச் சென்றுவிடலாம்.

இன்றிரவு உணவருந்த அமரும்போது இதைப் பிள்ளைகளிடம் கூறுங்கள். தொலைவிலிருந்து கண்டது கணிப்பு. சாட்சியோடு ஒத்துப் பார்த்ததே அறிவு.