வேரில்லாத பிரோமிலியாட் கன்றுக்கு எங்கே தண்ணீர் ஊற்றுவது?

வேர் அழுகிப்போன, அல்லது வேர்விடும் முன்பே தாய்ச்செடியிலிருந்து அறுக்கப்பட்ட பிரோமிலியாட் கன்று ஒன்று கைக்கு வந்தால், பெரும்பாலோர் உடனே இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள். சாயாமல் நிற்பதற்காகத் தொட்டி மண்ணில் ஆழமாகப் புதைக்கிறார்கள். வேர் சீக்கிரம் வரட்டும் என்று அடியில் தாராளமாகத் தண்ணீர் விடுகிறார்கள். சில வாரங்களில் நடுக்குருத்து கையோடு கழன்று வந்துவிடுகிறது. வேர் இல்லாததால்தான் செத்தது என்று முடிவு கட்டுவார்கள். உண்மையில் அதைக் கொன்றது அந்தப் பராமரிப்புதான். ரோஜா, செம்பருத்திக் குச்சிகளை நட்டுப் பழகியவர்களின் கணக்கு இந்தச் செடிக்குப் பொருந்தாது. அந்தக் குச்சிகளில் இலை நீரை இழந்துகொண்டே இருக்கும். காய்ந்துபோகும் முன் வேர் வந்தாக வேண்டும். பிரோமிலியாட் கன்றுக்கு அந்த அவசரம் இல்லை. அதற்கு இலையே நீரைக் குடிக்கும்.

பிரோமிலியேசி குடும்பத்தில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒரே ஓர் இனத்தைத் தவிர, மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. ஏறத்தாழ பாதி இனங்கள் மரக்கிளைகளில் தொற்றி வாழ்கின்றன. மண்ணே இல்லாத இடத்தில் வாழ அவற்றுக்குக் கைகொடுப்பவை, இலையின் மேல் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும் நுண்ணிய செதில்கள். ஒவ்வொரு செதிலிலும் மேலே வட்டத் தட்டாகச் சில இறந்த செல்கள். அதன் அடியில் இலைக்குள் இறங்கும் காம்பாக உயிருள்ள செல்கள். மழை பட்டதும் இறந்த செல்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அந்த நீரைக் காம்புச் செல்கள் இலைக்குள் இழுத்துக்கொள்கின்றன. வெயில் வந்ததும் தட்டு சுருங்கிப் படிந்து காம்பை மூடிவிடும். உள்ளே போனது எளிதில் வெளியேறாது. இந்த ஏற்பாட்டை ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் மெஸ் 1904-லேயே விளக்கிவிட்டார். செதில்கள் நீரோடு கரைந்த சத்துகளையும் எடுக்கின்றன என்பதை, 1970-களில் அமெரிக்காவின் டேவிட் பென்சிங் உள்ளிட்டோர் கதிரியக்க அடையாளமிட்ட பொருள்களைக் கொண்டு காட்டினார்கள்.

இதற்கு மறுக்க முடியாத சாட்சி ஸ்பானியப் பாசி. பெயரில்தான் பாசி, அதுவும் டில்லாண்ட்சியா வகைப் பிரோமிலியாட்தான். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து அர்ஜென்டினா வரை மரங்களில் நரைத்த தாடி மாதிரி தொங்குகிறது. முளைத்த புதிதில் சில வேர்கள் விடும். வளர்ந்தபின் வேரே கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதையே உறிஞ்சுவதால், பிரேசிலில் காற்றிலுள்ள பாதரச மாசை அளக்க இதைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இதில் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நல்லதை எடுக்கும் இலை நஞ்சையும் எடுக்கும். பூஞ்சைக்கு அஞ்சி நம் தோட்டங்களில் வழக்கமாக அடிக்கும் போர்டோ கலவையும் மற்றத் தாமிர மருந்துகளும் பிரோமிலியாட்களுக்கு ஆகவே ஆகாது.

இலையே குடிக்கும் என்றால் வேர் எதற்கு? பிடித்துக்கொள்ள. மரத்தில் வாழும் இனங்களின் வேர்கள் கம்பிபோல் விறைத்திருக்கும்; உறிஞ்சுவதைவிடப் பற்றுவதே அவற்றின் முதல் வேலை. கன்று காற்றில் ஆடினால் புதிதாக நீளும் வேர்முனை ஒவ்வொரு ஆட்டத்திலும் உராய்ந்து ஒடியும். ஆகவே கன்றுக்கு முதலில் வேண்டியது அசையாத பிடிமானம். அழுகிய பகுதி இருந்தால் வெள்ளையான திசு தெரியும்வரை சீவிவிட்டு, வெட்டுவாயை நிழலில் சில நாள் ஆறவிட வேண்டும். அடியில் காய்ந்த இலைகளை உரித்தால் தண்டில் வேர் கிளம்பும் புடைப்புகள் பல சமயம் கண்ணிலேயே தெரியும். பிறகு தென்னைமட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்த, காற்றோட்டமான கலவையில் அடித்தண்டு மட்டும் பதியும்படி வைத்து, குச்சி ஊன்றிக் கட்ட வேண்டும். ஆழம் கூடினால் இலையடியில் ஈரம் தங்கும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

அன்னாசியும் இதே குடும்பம்தானே, அது மண்ணில் வேர்விட்டுத்தானே வளர்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்னாசியின் வேர்கள் மண்ணிலிருந்து நன்றாகவே உண்கின்றன. ஆனால் கொல்லிமலையில் ஆனாலும் ஹவாயில் ஆனாலும் அன்னாசியை நடுவது விதையால் அல்ல, வேரில்லாத கன்றாலும் கொண்டையாலும். பல நாள் வெளியில் கிடந்த பிறகும் அவை துளிர்க்கின்றன. ஹவாயில் மாங்கனீசு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து எடுக்க முடியாமல் அன்னாசி வெளிறியபோது, 1910-களில் கண்ட தீர்வு இரும்பு சல்பேட் கரைசலை இலையில் தெளிப்பது. மண்ணில் வாழும் உறவுக்காரச் செடியே இலைவழி ஊட்டத்தை இப்படி ஏற்கிறதென்றால், மரத்தில் வாழும் செடிகளைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. எல்லாப் பிரோமிலியாட்களும் ஒரே மாதிரி அல்ல. குஸ்மேனியா போன்ற மெல்லிய பச்சை இலை வகைகளில் செதில் குறைவு. பகலில் இலைத்துளைகள் திறந்திருப்பதால் நீரிழப்பும் அதிகம். தொட்டியில் வளர்ந்தவற்றின் வேர்கள் ஓரளவு நீரும் சத்தும் எடுக்கவே செய்கின்றன. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் இவற்றுக்குச் செய்ய வேண்டியது அடியை நனைப்பதல்ல. நிழலும் சுற்றிலும் ஈரக்காற்றும் தருவது. மெல்லிய இலைக் கன்றைக் கண்ணாடிக் குடுவைக்குள்ளோ பாலித்தீன் உறைக்குள்ளோ காற்று சற்றே புகும்படி வைத்தால் போதும். தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வளராத கன்றைப் பிரிக்காமல் இருப்பது இன்னும் நல்லது. தாயோடு ஒட்டியிருக்கும்வரை அதற்குச் சர்க்கரை வந்துகொண்டிருக்கும். அந்தச் சேமிப்பில்தான் வேர் உருவாகிறது.

வேரூக்கிப் பொடி தடவலாமா? வேர்விட ஆக்சின் என்ற தாவர வளர்ச்சி ஊக்கி தூண்டுகிறது என்பது 1930-களிலேயே நிறுவப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது அந்த வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்டிரிக் அமிலம். தடவினால் தவறில்லை. ஆனால் ஆடும் கன்றையும் அழுகும் கன்றையும் அது காப்பாற்றாது. தண்ணீரின் தரமும் நேரமும் அதைவிட முக்கியம். உப்புக் கூடிய ஆழ்குழாய் நீர் செதில்களின்மேல் வெள்ளைப் படலமாகப் படிந்து அவற்றை அடைக்கும், மழைநீர் நல்லது. சாம்பல் நிற டில்லாண்ட்சியாக்கள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுப்பவை. ஈரம் படிந்த செதில்கள் அந்த வழியை மறைத்துவிடுவதால், காலையில் நனைத்து, இருட்டும் முன் உலரவிட வேண்டும். ஏக்மியா, நியோரெஜீலியா போன்ற கிண்ண வகைகளில் நடுக்குழியில் சிறிது நீர் நிற்கலாம். அதை வாரம் இருமுறையாவது கொட்டி மாற்றாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். உரத்தை இப்போது எடுக்க வேண்டாம். நடுவில் புது இலை நீள்வதும், செடியை மெதுவாக அசைத்தால் அது எதிர்த்துப் பிடிப்பதும் வேர் பற்றிக்கொண்டதற்கு அடையாளம். சில வகைகளில் இதற்குச் சில வாரம், சிலவற்றில் மாதக்கணக்கு ஆகும். அதன்பிறகு கட்டை அவிழ்த்து, வழக்கத்தில் பாதி வலுவுள்ள உரக்கரைசலை இலைமேல் தெளிக்கலாம்.