கால்வாய் பிழைத்தால் கூடை நிறையும்

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடுக்குப்பம், அயோத்தியாகுப்பம் பெண்மணிகளுக்கு மீன் வியாபாரம் அத்துப்படி. ஏலம் கேட்பதும், கூடை சுமப்பதும், விலை பேசி விற்பதும் அவர்களே. மீன் பிடிப்பது மட்டும் ஆண்கள் வேலை என்றாகிவிட்டது.

எங்கும் இதுதான் வழக்கமா? இல்லை. நம் பேட்டை வழியாகப் போகும் பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கே பழவேற்காட்டு ஏரியைத் தொடுகிறது. அங்கே இருளர் பெண்கள் நீரில் இறங்கி, கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் சேர்க்கிறார்கள்.

நம் பகுதிக் கால்வாயோ, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்க 1877-78 பஞ்சத்தில் ஏழை ஜனங்கள் கூலிக்கு வெட்டியது. இன்று அதில் சாக்கடை ஓடுகிறது. பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு வளர்வதற்கு உப்பங்கழியைத்தான் தேடி வரும். கழிமுகம் கெட்டால் கடலில் வீசிய வலைக்கும் நஷ்டமே.

ஆகவே கால்வாயைச் சீர்படுத்த யோசனை நடக்கும் இடத்தில் குப்பத்துப் பெண்களுக்கும் ஆசனம் வேண்டும். விரும்பும் பெண்ணுக்கு வலையும் பயிற்சியும் தரவேண்டும். மீன் வரத்துக் குறைந்தால், அன்றைக்கே அடுப்பில் அதை உணருகிறவள் கூடைக்காரி அல்லவா?