நாலரைக் கணக்கும் நாற்காலியும்

1964இல் சோமாலியாவின் பிரதமராக நியமிக்கப்பட்ட அப்திரஸாக் ஹாஜி ஹுசேன், தன் அமைச்சர்கள் பட்டியலை நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். எந்தக் குலத்துக்கு எத்தனை இடம், எந்த வட்டாரத்துக்கு எத்தனை இடம் என்று எழுதப்படாத பங்கீடு ஒன்று அதுவரை நடப்பில் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, வேலை தெரிந்த ஆள் யார் என்று பார்த்துப் போட்ட பட்டியல் அது. முந்தைய அமைச்சரவையிலிருந்து இருவரை மட்டுமே எடுத்துக்கொண்டார். உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் பட்டியல் தோற்றது. சுதந்திர சோமாலியாவில் ஓர் அமைச்சரவை நம்பிக்கை வாக்குப் பெறாமல் போனது அதுவே முதல்முறை. மறுபடி முயன்றுதான் அவரால் ஆட்சி அமைக்க முடிந்தது.

தலைவரைக் குலம் பார்த்துத் தேர்வதா, தகுதி பார்த்துத் தேர்வதா என்று சோமாலியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். தகுதிதானே பெரிது? ஆனால் குலப்பற்று என்பது படிப்பறிவில்லாதவர்களின் மூடப்பற்று என்று எடுத்துக்கொண்டால் அந்த நாட்டு அரசியலில் ஒன்றும் பிடிபடாது.

சோமாலியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி ஒன்று, மதம் ஒன்று. பிரிப்பது தந்தைவழி வம்சாவளி. தாரூத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே என நான்கு பெருங்குலங்கள். வடக்கில் வாழும் இசாக் குலத்தைச் சிலர் திர் பிரிவோடு சேர்த்து எண்ணுவார்கள், இசாக்குகள் பலர் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு பெருங்குலமும் கிளை, உட்கிளை என்று பிரிந்துகொண்டே போகும். அடிமட்டத்தில் இருப்பது ரத்தப் பணத்தைச் சேர்ந்து கட்டும் குழு. ஒருவர் கொலை செய்துவிட்டால் கொலையுண்டவரின் உறவினருக்கு நூறு ஒட்டகம் என்பது பழைய கணக்கு. அதைக் கொலையாளி தனியே கொடுப்பதில்லை, அவருடைய குழு முழுவதும் பங்கு போட்டுக் கொடுக்கும். வறட்சியில் கால்நடை செத்தாலும், சிறையில் மாட்டினாலும், வெளிநாடு போகப் பணம் வேண்டுமென்றாலும் ஓடிவருவது அந்த உறவுதான். போலீஸும் நீதிமன்றமும் எட்டாத மேய்ச்சல் நிலத்தில் இதைவிட உறுதியான காப்பீடு கிடையாது. அப்படி வாழ்ந்தவர், நாட்டின் உச்சப் பதவியில் நம் ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் அதை மூடத்தனம் என்று எப்படிச் சொல்வது?

அதே சமயம் குலம் ஒரே கல்லாக நிற்பதுமில்லை. அப்திரஸாக்கும், 1967இல் அதிபரான அப்திரஷீத் அலி ஷெர்மார்கேயும் கடும் போட்டியாளர்கள். இருவருமே தாரூத்தின் மஜெர்தீன் கிளை. 1969 மார்ச் தேர்தலில் 123 இடங்களுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட கட்சிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள். கட்சி என்ற பெயரில் பெரும்பாலும் உட்கிளைகள் நின்றன. வென்றவர்களோ பதவிக்காக ஆளுங்கட்சிப் பக்கம் தாவினார்கள். கடைசியில் எதிர்வரிசையில் மிஞ்சியவர் அதே அப்திரஸாக் ஒருவர்தான். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று ஷெர்மார்கே தன் மெய்க்காவலர் ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு நாளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

அந்த ராணுவ ஆட்சியின் தலைவர் சியாத் பரே குலத்தைச் சட்டத்தால் ஒழிக்கப் பார்த்தார். குலவாதத்துக்குக் கொடும்பாவி கட்டி எரித்தார்கள். குலப் பெயரைச் சொல்வதே குற்றமானது. 1972இல் சோமாலி மொழிக்கு எழுத்துமுறை தந்ததும் அவர் ஆட்சிதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அதிகாரம் யாரிடம் குவிந்தது? அவருடைய தந்தைவழி மரெஹான், தாய்வழி ஓகாதேன், மருமகன் வழி துல்பஹந்தே. இந்த மூன்று பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எம்.ஓ.டி.’ என்று மக்கள் ரகசியமாகக் குறிப்பிட்டார்கள். 1988இல் இசாக்குகளின் நகரமான ஹர்கேசா மீது சொந்த நாட்டு விமானங்களே குண்டு போட்டன. 1991இல் பரே ஓடியபோது, அவரை விரட்டிய படைகளும் குலவாரியாகத்தான் திரண்டிருந்தன. அடுத்து தலைநகர் மொகதீஷுவை இரண்டாகக் கிழித்த போட்டித் தலைவர்கள் அலி மஹ்தியும் ஃபரா ஐதீதும் ஹவியேவின் இரு கிளைகளைச் சேர்ந்தவர்கள்.

இந்த ரத்தக்களரியை நிறுத்தத்தான் ‘நாலரை’ வந்தது. 2000இல் ஜிபூத்தியின் அர்தா நகரில் கூடிய மாநாட்டில் அது வழக்கமானது. நான்கு பெருங்குலங்களுக்குத் தலா ஒரு பங்கு, மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. 275 பேர் கொண்ட கீழவையில் அது 61, 61, 61, 61, 31 என்று ஆனது. எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வைத்துப் போட்ட கணக்கல்ல. சண்டைக்காரர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. 2012 இடைக்கால அரசியல் சட்டத்தில் நாலரை என்ற சொல்லே இல்லை. அதிபராக வருபவர் சோமாலியக் குடிமகனாக, முஸ்லிமாக, 40 வயது நிரம்பியவராக, பொறுப்புக்கேற்ற அறிவோ அனுபவமோ உள்ளவராக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் 2000க்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் ஒவ்வொருவரும் ஹவியே அல்லது தாரூத். அதிபர் ஒரு பக்கம் என்றால் பிரதமர் மறுபக்கம். கீழவைத் தலைவர் திகில்-மிரிஃப்லே.

கணக்கைச் சற்று உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒரு பெருங்குலத்தின் 61 பேரும் ஒன்றாகக் கை தூக்கினாலும் கீழவையில் கால்பங்குகூடத் தேறாது. அதிபரைத் தேர்ந்தெடுப்பது இரு அவைகளின் 329 உறுப்பினர்கள், அதுவும் ரகசிய வாக்கில். ஆகவே குலம் ஒருவரைப் போட்டிக்குள் அனுமதிக்கிறதே தவிர, வெற்றியைத் தருவதில்லை. வெற்றியைத் தருவது மற்றக் குலத்தாரோடு போடும் பேரம். கீழவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க 2016–17இல் ஒவ்வோர் இடத்துக்கும் 51 பிரதிநிதிகள், மொத்தம் 14,025 பேர். அடுத்த முறை இடத்துக்கு 101 பேர். அவர்களைப் பொறுக்கியவர்கள் குலப் பெரியவர்கள். இவ்வளவு சின்ன வட்டத்தில் பணம் பாய்வது எளிது, பாய்ந்ததாகப் புகார்களும் ஏராளம். தகுதியைக் கெடுப்பது குலம் மட்டுமே என்பவர்கள் இந்தப் பண வணிகத்தைக் கவனிக்காமல் போகிறார்கள்.

பட்டதாரிகளுக்கோ பஞ்சமில்லை. இப்போதைய அதிபர் ஹசன் ஷேக் முகமூத் நம் போபாலில் முதுநிலை படித்தவர், மொகதீஷுவில் உயர்கல்வி நிறுவனம் தொடங்கிய ஆசிரியர். 2011இல் பிரதமரான அப்திவெலி முகமது அலி அமெரிக்காவில் பொருளாதாரப் பேராசிரியர். சான்றிதழ் இருந்தும் அதிபருக்கும் பிரதமருக்கும் இடையிலான இழுபறி ஆட்சிக்கு ஆட்சி தொடர்ந்தது.

சுவையான உதாரணம் ஃபர்மாஜோ. அமெரிக்காவின் பஃபலோ நகரில் அரசுப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர். 2010இல் பிரதமராகி, சில மாதங்களே இருந்தார். அந்தச் சில மாதங்களில் சிப்பாய்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போனது. 2011இல் அதிபரும் நாடாளுமன்ற அவைத் தலைவரும் செய்துகொண்ட கம்பாலா ஒப்பந்தத்தின்படி அவர் விலக நேர்ந்தபோது மொகதீஷுவில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. ஹவியேக்கள் பெருமளவில் வாழும் நகரம், தாரூத்காரருக்காகத் தெருவில் இறங்கியது! 2017இல் அவர் அதிபரானபோதும் அதே கொண்டாட்டம். வேலையைக் கண்டால் குலத்தைத் தாண்டுவோம் என்று மக்கள் காட்டிவிட்டார்கள். பிறகு 2021 பிப்ரவரியில் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. ஏப்ரலில் கீழவை இரண்டாண்டு நீட்டிப்புக்கு வாக்களித்தது. சில நாளில் ராணுவமே குலவாரியாகப் பிளந்து தலைநகரில் சுட்டுக்கொண்டது. நீட்டிப்பு கைவிடப்பட்டது. 2022 மே மாதம் மூன்றாம் சுற்றில் 214க்கு 110 என்று ஹசன் ஷேக்கிடம் தோற்றார். விதிப்படி பதவி கைமாறும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டால் அவரவர் தம் காப்பீட்டைத் தேடி ஓடுகிறார்கள். சோமாலியக் குல அரசியலை விளக்க 2021ஐவிட நல்ல ஆண்டு எனக்குத் தெரியவில்லை.

தனி நாடாக 1991இல் அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் கதை வேறு. இசாக்குகளே பெரும்பான்மையாக உள்ள அங்கு, 2003 நேரடித் தேர்தலில் இசாக் அல்லாத தாஹிர் ரியாலே காஹின் வென்றார். முதலில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 80 வாக்குகள். தோற்றவர் வழக்குக்குப் போனார், போருக்குப் போகவில்லை. அங்கும் மேலவையில் குலப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அதிபரைப் பொறுக்குவது அவர்கள் வேலையல்ல. கட்சிகளோ மூன்றுக்கு மேல் கூடாது என்பதால், ஒரே குலத்தை நம்பி ஒருவர் கட்சி நடத்த முடியாது.

மொகதீஷு நாடாளுமன்றமும் 2024 மார்ச்சில் நேரடி வாக்குக்கு வழி செய்யும் அரசியல் சட்டத் திருத்தங்களை ஏற்றது. அதிபருக்கு அதிகாரம் கூடுகிறது என்று வடகிழக்கு மாநிலமான பண்ட்லாந்து உடனே கூட்டாட்சி அரசை அங்கீகரிக்க மறுத்தது. குலத்தைக் கடந்த தேர்தல் என்று ஒருவர் சொல்வது, எதிரே இருப்பவர் காதில் ஒரு குலத்தின் தந்திரமாக விழுகிறது.

இந்தச் சண்டையில் அரைப் பங்குக்காரர்கள் யாருடைய பேச்சிலும் அதிகம் வருவதில்லை. ஆற்றோரம் பயிர் செய்யும் பாந்துக்கள், கடலோர நகரங்களின் பெனாதிரிகள், கொல்லர், தோல் தொழிலாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள்.  பெருங்குலத்தார் வழக்கமாக இவர்களோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை. எத்தனை படித்தாலும் நாலரை வழக்கப்படி இவர்களில் ஒருவர் அதிபராக முடியாது. நாலரையை எடுத்துவிட்டால் அந்த 31 இடங்களுக்கு உத்தரவாதம் தருவது யார் என்பதற்கும் இன்னும் பதிலில்லை.